200 யூனிட் எல்லையும் ஒரு வாளி வெந்நீரும்

புது தில்லி: டிசம்பர் நடுப்பகுதி தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரங்கள் வரை, தலைநகர் தில்லியில் பொழுது விடியும் நேரத்தில் லட்சக்கணக்கான குளியலறைகளில் சிறியதொரு சிவப்பு விளக்கு எரியத் தொடங்குகிறது. கீசர் இயங்குகிறது என்பதற்கான அடையாளம் அது. மூடுபனி விலகாத அந்த வேளையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் அலுவலகம் செல்வோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குளிக்கின்றனர். நகரின் மின்தேவை அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் செங்குத்தாக ஏறுகிறது.

தில்லியின் மின் நெருக்கடி என்றாலே கோடைகாலக் குளிர்சாதனங்களே நினைவுக்கு வரும். 2024 ஜூன் 19 அன்று நகரின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில், ஒரு குளிர்சாதனமும் இயங்காத நாட்களில், உச்சத் தேவை 5,800 மெகாவாட்டை ஒட்டி உயர்ந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்தச் சுமையின் கணிசமான பகுதி இரண்டு காரியங்களுக்கானது. ஒன்று அறையைச் சூடாக்குவது, மற்றொன்று குளிக்கும் நீரைச் சூடாக்குவது. சாதாரண வீட்டுக் கீசர் ஒன்றின் திறன் 2 கிலோவாட். ஒரு லட்சம் கீசர்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் அதற்கு மட்டும் 200 மெகாவாட் வேண்டும்.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தில்லி நகருக்குள் இருந்த பதர்பூர் அனல்மின் நிலையம் காற்று மாசு காரணமாக 2018 அக்டோபரில் நிரந்தரமாக மூடப்பட்டது. இன்று நகரின் மின்தேவையில் பெரும்பகுதி வெளி மாநிலங்களிலுள்ள மின்நிலையங்களிலிருந்து பெறப்படுகிறது. நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து கிடைப்பது. புகைபோக்கி கண்ணுக்கு மறைந்ததே தவிர, வெந்நீருக்காக எரியும் நிலக்கரி குறைந்துவிடவில்லை.

ஒரு வாளியின் கணக்கு

வெந்நீரின் விலையை அறிய மின்பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற 1.163 வாட்மணி மின்சாரம் தேவை. ஜனவரியில் தில்லி மாடித் தொட்டியில் கிடக்கும் நீரின் வெப்பநிலை 12 டிகிரி என்று கொள்வோம். குளிப்பதற்கு 40 டிகிரி போதுமானது. 20 லிட்டர் வாளி ஒன்றை 28 டிகிரி உயர்த்தினால் 0.65 யூனிட் செலவாகும். நால்வர் உள்ள குடும்பம் நாளொன்றுக்கு நான்கு வாளி பயன்படுத்தினால் 2.6 யூனிட். 30 நாட்களுக்கு 78 யூனிட்.

தமிழகத்திலிருந்து பணி நிமித்தம் தில்லிக்குக் குடிபெயர்ந்து ராமகிருஷ்ணபுரத்திலோ மயூர் விஹாரிலோ வீடு பிடிக்கும் குடும்பத்தினர் முதல் குளிர்காலத்திலேயே இந்த வேறுபாட்டை உணர்கின்றனர். சென்னையில் தொட்டி நீர் 25 டிகிரி இருக்குமானால், அதே வாளிக்கு 0.35 யூனிட் போதும். தில்லியில் அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. அதோடு, சென்னையில் பலர் வெந்நீரே இல்லாமல் குளித்துவிட முடியும். தில்லியில் மூன்று மாதங்களுக்கு அது இயலாத காரியம்.

வாளியிலிருந்து ஷவருக்கு மாறினால் கணக்கு வேறு திசையில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 9 லிட்டர் நீர் கொட்டும் ஷவரின் கீழ் ஒருவர் 10 நிமிடம் நின்றால் 90 லிட்டர் செலவாகிறது. அந்நீர் 40 டிகிரியில் இருக்க ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் வேண்டும். வாளிக் குளியலைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். நால்வரும் அவ்வாறே குளித்தால் மாதத்துக்கு 350 யூனிட் வெந்நீருக்கு மட்டுமே போய்விடும். வாளியும் சொம்பும் வைத்துக் குளிக்கும் பழக்கத்தை நாகரிகக் குறைவாகக் கருதிக் கைவிட்ட நகர்ப்புற நடுத்தர வர்க்கம், மாதந்தோறும் மின்கட்டணமாக அதற்கு விலை கொடுத்து வருகிறது.

தனியே நிற்கும் 200

வெந்நீர்க் கணக்கு தில்லியில் அரசியல் கணக்காகவும் மாறுவதற்குக் காரணம் மின்கட்டண மானியத்தின் அமைப்பு. 2019 ஆகஸ்ட் முதல் மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் கட்டணம் ஏதுமில்லை. 201 முதல் 400 யூனிட் வரை பாதிக் கட்டணம் மானியமாக வழங்கப்படுகிறது. அதற்கு 800 ரூபாய் உச்சவரம்பு. 400ஐத் தாண்டினால் மானியமே இல்லை. 2022 அக்டோபர் முதல் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே இச்சலுகை என மாற்றப்பட்டது. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பின்னரும் மானியம் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது.

தமிழகத்தில் 2016 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பது எவ்வளவு பயன்படுத்தினாலும் எல்லா வீடுகளுக்கும் உரியது. தில்லி முறை அப்படிப்பட்டதன்று. 200ஐ ஒரு யூனிட் தாண்டினாலும், கீழே உள்ள 200 யூனிட்டுக்கான முழு விலக்கும் பறிபோகிறது. மலைச்சரிவில் படிக்கட்டு இல்லாமல் ஒரேயடியாக விழுவதைப் போன்றது இது.

எடுத்துக்காட்டாக, குளிர்பதனப் பெட்டி, விளக்குகள், தொலைக்காட்சி, மோட்டார் ஆகியவற்றுக்கு மாதம் 120 யூனிட் செலவழிக்கும் சிறிய குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். நான்கு வாளி வெந்நீருக்கான 78 யூனிட்டைச் சேர்த்தால் 198. கட்டணம் பூஜ்யம். அதே குடும்பம் கீசரை நாள் முழுவதும் அணைக்காமல் விட்டுவைத்தால் என்ன ஆகும்? தொட்டியிலுள்ள வெப்பம் சிறுகச்சிறுக வெளியேறிக்கொண்டே இருக்கும். குறையும் வெப்பத்தை ஈடுகட்டக் கருவி மீண்டும் மீண்டும் இயங்கும். கொள்ளளவையும் காப்புறையின் தரத்தையும் பொறுத்து இந்த வீண் செலவு நாளொன்றுக்கு அரை யூனிட் முதல் ஒரு யூனிட்டுக்கு மேலும் இருக்கும். 0.7 யூனிட் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 21 யூனிட். மொத்தம் 219.

2021 செப்டம்பரில் வெளியான தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைப்படி, முதல் 200 யூனிட்டுக்குத் தலா 3 ரூபாய், அடுத்த 200 யூனிட்டுக்குத் தலா 4.50 ரூபாய். 219 யூனிட்டுக்கு 685.50 ரூபாய். இதில் பாதி மானியமாகக் கழிந்தாலும் 340 ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டும். நிலைக்கட்டணம், கூடுதல் கட்டணங்கள், வரி ஆகியவற்றின் பங்கு தனி. யாரும் குளிக்காத நேரத்தில் ஆறிப்போன 21 யூனிட்டுக்கு இக்குடும்பம் யூனிட்டுக்கு 16 ரூபாய் வீதம் செலவழித்திருக்கிறது. சுவரில் உள்ள ஒரு சுவிட்சை அணைத்திருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய பணம் அது.

400 யூனிட் எல்லையிலும் இதே நிலைதான். 390 யூனிட் பயன்படுத்தும் வீடு 800 ரூபாய் வரை மானியம் பெறும்போது, 410 யூனிட் பயன்படுத்தும் அண்டை வீடு அனைத்தையும் இழக்கிறது. அதன் மேல் வரும் யூனிட்டுகளுக்கு அந்த ஆணைப்படி தலா 6.50 ரூபாய். ஷவர் குளியலுக்கான 350 யூனிட்டை இந்தப் படிநிலையில் வைத்துப் பார்த்தால், வெந்நீரின் மாதச் செலவு மட்டும் 2,200 ரூபாயைத் தாண்டும்.

மீட்டர் இல்லாத குடித்தனங்கள்

இந்தக் கணக்குகள் எல்லாம் தனி மீட்டர் உள்ளவர்களுக்கே பொருந்தும். நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்கள் இருக்க, வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் பொருத்தித் தாமே நிர்ணயித்த வீதத்தில் பணம் வசூலிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அரசு வழங்கும் இலவச யூனிட்டுகள் இந்த வாடகைதாரர்களைச் சென்றடைவதில்லை. இவர்களுக்கெனத் தனி மீட்டர் வழங்கும் திட்டம் 2019 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் உரிமையாளரின் இசைவைக் கேட்டுப் பெறத் தயங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு அத்தகைய திட்டங்கள் எட்டாக்கனியாகவே இருந்து விடுகின்றன.

கீசர் வைக்க இடமும் வசதியும் இல்லாத இத்தகைய வீடுகளில் வாளிக்குள் தொங்கவிடும் வெந்நீர்க் கம்பியே துணை. விலை மலிவு, எங்கும் எடுத்துச் செல்லலாம். கம்பி அதிக மின்சாரத்தை விழுங்கும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. உண்மையில் 20 லிட்டருக்கு அதுவும் 0.65 யூனிட்தான் எடுக்கும். 1.5 கிலோவாட் கம்பியாயின் 26 நிமிடங்கள் போதும். தேவையான நீரை மட்டும் சூடாக்குவதால், எந்நேரமும் இயங்கும் கீசரைவிட அது சிக்கனமானதும் ஆகும்.

ஆனால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியதும் அதுவே. சூடு ஏறியதா என்று மின்னிணைப்பைத் துண்டிக்காமல் நீரில் விரலை வைத்துப் பார்த்தவர்கள் மின்சாரம் தாக்கி இறந்த செய்திகள் குளிர்காலந்தோறும் வட மாநில நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நீரைத் தொட வேண்டும். இரும்பு வாளியைத் தவிர்க்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கம்பியை வாங்கவே கூடாது. வீட்டில் நிலத்தொடர்பு இணைப்பு முறையாக உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எரிவாயுக் கீசருக்கும் எச்சரிக்கை உண்டு. மின்கட்டணத்துக்கு அஞ்சி அதற்கு மாறியோர் பலர். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அது எரியும்போது உயிர்வளி குறைந்து கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பவர் தமக்கு நேர்வதை அறியாமலே மயங்கி விழுகிறார். இளம் தம்பதியர், குழந்தைகள் எனப் பலர் இவ்வாறு மாண்டுள்ளனர். எரிவாயுக் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்று புழங்கும் இடத்தில் மட்டுமே பொருத்த வேண்டும் என்பதில் விலக்கே கிடையாது. சிக்கனத்துக்காக உயிரைப் பணயம் வைக்க இயலாது.

கீசரைக் கையாளும் முறை

மத்திய மின்சக்தி அமைச்சகத்தின் கீழ் 2002 மார்ச்சில் தொடங்கப்பட்ட எரிசக்தித் திறன் ஆணையம், சேமிப்புக் கீசர்களுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்குகிறது. இக்குறியீடு இப்போது கட்டாயமானது. கடைகளில் ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்குவோர் பலருக்கும் அதன் பொருள் சரியாகத் தெரிவதில்லை. நீரைச் சூடாக்கும் செயலில் எல்லாக் கீசர்களும் ஏறக்குறைய ஒன்றே. மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறிவிடும். வேறுபாடு, சூடாக்கிய நீர் எவ்வளவு நேரம் ஆறாமல் இருக்கிறது என்பதில்தான். நட்சத்திரங்கள் அளப்பது இந்த வெப்ப இழப்பையே. குளிப்பதற்கு முன் போட்டு, குளித்தவுடன் அணைக்கும் வீட்டில் நட்சத்திரத்தால் கிடைக்கும் லாபம் சிறிது. காலையும் மாலையும் பலர் பயன்படுத்தும் வீட்டில் அது பெரிது.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டுத் திருகும் அவ்வாறே. 60 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் குறைத்தால், குளியலறைக் காற்று 15 டிகிரியாக இருக்கும் நாளில், வெளியேறும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அன்றாடம் சூடாக்கி அன்றாடம் தீர்த்துவிடும் சிறிய வீட்டுக் கீசருக்கு இது பொருந்தும். நீர் நெடுநேரம் தேங்கி நிற்கும் மருத்துவமனை, விடுதி ஆகியவற்றின் பெரிய தொட்டிகளில் வெப்பத்தைக் குறைத்தால் லெஜியோனெல்லா என்னும் நுண்கிருமி பெருகும் அபாயம் உண்டு. அங்கு 60 டிகிரியே பாதுகாப்பானது.

எவ்வளவு நேரம் போட்டு வைப்பது என்பதற்கும் விடை உண்டு. 15 லிட்டர் கீசர் 12 டிகிரி நீரை 60 டிகிரிக்கு உயர்த்த 0.84 யூனிட் எடுக்கும். 2 கிலோவாட் கருவிக்கு அது 25 நிமிடம். அந்த 15 லிட்டருடன் குளிர்ந்த நீரைக் கலந்தால் 40 டிகிரியில் 25 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். அதாவது ஒருவருக்கு ஒரு வாளியும் மிச்சமும். ஒருவர் பின் ஒருவராக இடைவெளியின்றிக் குளித்து முடித்தால், தொட்டியில் எஞ்சிய வெப்பமும் வீணாகாது. இரவே கீசரைப் போட்டுவிட்டு உறங்கச் செல்வதில் எவ்விதப் பயனும் இல்லை.

வேறு சில வழிகளும் உள்ளன. குளிக்கும் நீர் 40 டிகிரிக்குப் பதில் 37 டிகிரி இருந்தால் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம். உடலின் வெப்பநிலையும் அதுவேயாதலால் குளிருக்கு அது போதும். ஷவரை விட மனமில்லாதோர், ஒரு நிமிடம் அதன் கீழ் வாளியை வைத்து அளந்து பார்க்கலாம். 9 லிட்டர் விழும் ஷவருக்குப் பதில் 6 லிட்டர் விழுவதைப் பொருத்தி, 10 நிமிடத்தை 5 நிமிடமாக்கினால் 3 யூனிட் ஒரு யூனிட்டாகச் சுருங்கும். கீசருக்கும் குழாய்க்கும் இடையே 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் 10 மீட்டர் ஓடினால், ஒவ்வொரு முறையும் 1.8 லிட்டர் வெந்நீர் அதனுள்ளேயே தங்கி ஆறிப்போகும். எனவே கீசரைப் பயன்படுத்தும் இடத்துக்கு அருகில் பொருத்துவது நன்று. முன்புறம் திறக்கும் சலவை இயந்திரங்கள் எடுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரைச் சூடாக்குவதற்கே செல்வதால், அழுக்கு மிகாத துணிகளைக் குளிர்ந்த நீரில் துவைப்பதே போதுமானது.

நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் குருகிராம், துவாரகா போன்ற பகுதிகளில் உப்புப் படிவு மற்றொரு சிக்கல். வெப்பக் கம்பியின் மீது படியும் உப்பு, வெப்பம் நீருக்குச் செல்லாமல் தடுக்க, கம்பி அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகும். குளிர்காலம் தொடங்குமுன் ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்வது புதிய கீசர் வாங்கும் செலவைத் தள்ளிப்போடும்.

இரண்டு குளியலறைகள் உள்ள வீடுகளில் இரு கீசர்களையும் ஒரே நேரத்தில் இயக்குவதற்கு மறைமுகமான விலையும் உண்டு. தில்லியில் தொடர்ந்து 4 மாதங்களில் பதிவாகும் உச்சச் சுமையின் சராசரியைக் கொண்டு வீட்டின் அனுமதிக்கப்பட்ட சுமை திருத்தப்படுகிறது. அது உயர்ந்தால் ஆண்டு முழுவதும் நிலைக்கட்டணம் உயரும். இரு கீசர்களுக்கும் இடையே அரை மணி இடைவெளி விட்டாலே இச்சுமை பாதியாகும்.

மலை மாநிலங்களின் குளிர்காலக் கடன்

வெந்நீரின் தேவை உச்சத்தில் இருக்கும் காலத்தில்தான் இமயமலை ஆறுகள் வற்றுகின்றன. பனி உறைந்து, நீர்வரத்து குறைந்து, இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றின் நீர்மின் நிலையங்கள் தம் திறனில் சிறு பகுதியையே உற்பத்தி செய்கின்றன. கோடையிலும் மழைக்காலத்திலும் தில்லி, பஞ்சாப் போன்றவற்றுக்கு மின்சாரத்தைக் கொடுத்துவைத்து, குளிர்காலத்தில் அதைத் திரும்பப் பெறும் முறையை இமாச்சலம் பின்பற்றி வருகிறது. அதிகாரிகள் இதை மின்சாரத்தை வங்கியில் இடுதல் என்கின்றனர்.

நீர்மின்சாரத்தை ஏற்றுமதி செய்யும் மாநிலம், தன் மக்கள் நடுங்கும் மாதங்களில் சமவெளியின் அனல்மின்சாரத்தை நம்பியிருக்கும் இந்த முரணை அறிந்தால், தலைநகரில் மிச்சமாகும் ஒவ்வொரு மெகாவாட்டின் மதிப்பும் விளங்கும். தில்லியில் வீணாகும் வெந்நீரும் சிம்லாவில் தேவைப்படும் வெந்நீரும் ஒரே மின்தொகுப்பிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன.

பெங்களூரின் பாடம்

சூடான நீருக்கு மின்சாரமே தேவையில்லை என்பதை நாட்டுக்குக் காட்டிய நகரம் பெங்களூர். மராட்டிய வீடுகளில் செம்பாலான 'பம்பு', கன்னட வீடுகளில் குளியலறை அடுப்பில் பதித்த 'ஹண்டே', தமிழகத்தில் வெந்நீர்த் தவலை என விறகெரித்த காலம் போன பின், சூரிய வெந்நீர்க் கலன்கள் பெங்களூரின் மாடிகளில் வரிசையாக ஏறின. 2007 முதல் கர்நாடக அரசு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளில் இவற்றைக் கட்டாயமாக்கியது. பொருத்தியவர்களுக்கு யூனிட்டுக்கு 50 காசு வீதம், மாதம் 50 ரூபாய் வரை கட்டணத்தில் தள்ளுபடியும் அளிக்கப்பட்டது.

நாளொன்றுக்கு 100 லிட்டர் தரும் சூரியக் கலன் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சப்படுத்தும் என்பது மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் கணிப்பு. அத்தகைய ஆயிரம் கலன்கள் உச்சத் தேவையில் ஒரு மெகாவாட்டைக் குறைக்கும் என்றும் அது கூறியது. 2010 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசிய சூரிய இயக்கம், 2022க்குள் 2 கோடி சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகளை நிறுவ இலக்கு வைத்தது. ஆனால் 2014இல் சூரிய வெந்நீர்க் கலன்களுக்கான மத்திய மானியம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் பின் அரசின் கவனம் முழுவதும் சூரிய மின்தகடுகளின் பக்கம் திரும்பியது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளின் மாடிகளில் மின்தகடு பொருத்த 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. அதே மாடியில் வெந்நீர்க் கலன் வைப்பவருக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

கர்நாடகத்திலேயே மற்றொரு முரண் எழுந்தது. 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 'கிருஹ ஜோதி' திட்டம் 200 யூனிட் வரை இலவசம் என்று அறிவித்தாலும், தொடக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்குமான அளவு அதன் முந்தைய ஆண்டுச் சராசரியுடன் 10 சதவீதம் சேர்த்து நிர்ணயிக்கப்பட்டது. சூரியக் கலன் வைத்து மின்சாரத்தை ஏற்கெனவே மிச்சப்படுத்திய வீட்டுக்குக் குறைந்த அளவும், கீசரைத் தாராளமாகப் பயன்படுத்திய வீட்டுக்குக் கூடுதல் அளவும் இலவசமாகக் கிடைத்தன. சிக்கனமாக இருந்தவருக்குச் சிக்கனமே தண்டனையாக அமைந்தது.

தில்லிக்குச் சூரியக் கலன் முழுத் தீர்வாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெந்நீர் மிகவும் தேவைப்படும் ஜனவரியில்தான் பகலிலும் மூடுபனி கவிகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு வேறு. எனினும் வெயில் உள்ள நாட்களில் 12 டிகிரி நீரை 30 டிகிரிக்காவது உயர்த்திக் கீசருக்குக் கொடுத்தால், மீதமுள்ள 10 டிகிரிக்கு மட்டுமே மின்சாரம் போதும். தேவையில் மூன்றில் இரு பங்கு அதிலேயே குறைந்துவிடும்.

அரசின் கையில் உள்ளவை

தனிமனிதரின் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. 200 யூனிட் எல்லையைத் தாண்டினால் அனைத்தும் போய்விடும் என்ற முறைக்குப் பதில், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் என்று மாற்றினால், ஏழைக் குடும்பம் குளிர்காலத்தில் தவறி விழாது. அதே சமயம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை உண்டு என்ற உணர்வும் நிலைக்கும். ஆனால் இலவசத்தின் அளவைத் தொடும் எந்த மாற்றத்தையும் தேர்தல் கண்ணோட்டத்திலேயே பார்க்கும் கட்சிகள், இதைப் பற்றிப் பேசவே தயங்குகின்றன. மின்பகிர்மான நிறுவனங்களுக்கு வரவேண்டிய நெடுநாளைய நிலுவையைக் காலவரம்புக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதால், தில்லி நுகர்வோர் மீது கட்டணச் சுமை ஏறும் வாய்ப்பும் உருவாகியுள்ளது. அத்தகைய சூழலில் வெந்நீர்க் கணக்கு இன்னும் முக்கியத்துவம் பெறும்.

2023இல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், வெயில் உள்ள பகல் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வகை செய்கின்றன. ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டு இது வீடுகளுக்கும் வருமானால், நன்கு காப்புறையிட்ட கீசர் பகலில் மலிவு மின்சாரத்தைச் சேமித்து மாலைக் குளியலுக்குத் தரும் சேமிப்புக் கலனாகவும் மாறும். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கும், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் கூலித் தொழிலாளர்களுக்கும் அதன் பயன் எட்டுமா என்பதே கேள்வி.

வெந்நீர் ஆடம்பரமன்று. 7 டிகிரி குளிரில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்க்கும், நோயுற்ற முதியவருக்கும், இரவுக் காவல் முடித்துத் திரும்பும் தொழிலாளிக்கும் அது அடிப்படைத் தேவை. அவர்களுடைய ஒரு வாளியைக் குறைக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. குறைக்க வேண்டியது யாரும் குளிக்காத வேளையில் ஆறிக்கொண்டிருக்கும் தொட்டியையும், தேவைக்கு மேல் கொட்டும் ஷவரையுமே. குளித்து முடித்துக் கதவைச் சாத்தும்போது சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். 198க்கும் 219க்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவே.